சொத்தையை எண்ணினால் போதுமா? பிள்ளைகளின் வாய்நலம் குறித்து வந்த சில கேள்விகள்

பள்ளியில் பல் பரிசோதனை நடத்தி, யாருக்கு எத்தனை சொத்தை என்று எழுதிவைத்துவிட்டோம். இதற்கு மேல் ‘வாழ்க்கைத் தரம்’ என்று, வாயும் பல்லும் பிள்ளையின் அன்றாட வாழ்க்கையை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்கத் தனியாக ஒரு கேள்வித்தாள் எதற்கு?

சொத்தைக் கணக்கு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. சொத்தையானது, சொத்தையால் இழந்தது, அடைத்தது என மூன்றையும் கூட்டிப் போடும் டி.எம்.எஃப்.டி. முறை 1938-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மூன்று சொத்தை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருப்பாள், இன்னொருவன் ஒரு பக்கமாகவே மென்று, ராத்திரித் தூக்கம் கெட்டு, மறுநாள் வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறாமல் உட்கார்ந்திருப்பான். உங்கள் தாளில் இரண்டு பேருக்கும் 3 தான். அப்புறம் இன்னொன்று: நிரந்தரப் பல்லின் சொத்தையை அடைத்தாலும் அந்த எண் குறையாது, ‘சொத்தை’யிலிருந்து ‘அடைத்தது’க்கு மாறும், அவ்வளவுதான். சிகிச்சையால் பிள்ளைக்கு என்ன மாறியது என்று தெரிய வேண்டுமானால் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எந்தக் கேள்வித்தாள்?

பள்ளி அளவில் திட்டம் போட வேண்டுமென்றால் என் தேர்வு சைல்ட்-ஓ.ஐ.டி.பி. இது தாய்லாந்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே உருவாகி 2004-இல் வெளியானது. சாப்பிடுவது, பேசுவது, பல் துலக்குவது, தூங்குவது, கூச்சப்படாமல் சிரிப்பது, மனநிலை, பள்ளிப் பாடம், மற்றவர்களோடு பழகுவது என எட்டு அன்றாடக் காரியங்களில் கடந்த மூன்று மாதத்தில் வாயால், பல்லால் இடைஞ்சல் வந்ததா என்று கேட்கும். எத்தனை முறை என்பதற்கு 0 முதல் 3, எவ்வளவு பாதித்தது என்பதற்கு 0 முதல் 3, இரண்டையும் பெருக்க வேண்டும். சாப்பிடுவதில் 2×3, தூக்கத்தில் 1×3, மற்றதெல்லாம் பூஜ்யம் என்றால் மொத்தம் 9. அதை அதிகபட்சமான 72-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 12.5. கணக்கு எளிது, பிள்ளைகளுக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். கனடாவில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக உருவான சி.பி.க்யூ. 11-14 என்ற கேள்வித்தாள் உணர்வு, சமூக உறவுப் பக்கங்களை இன்னும் விரிவாகக் கேட்கும், ஆனால் முழு வடிவத்தில் 37 கேள்விகள், வகுப்பு நேரத்துக்குள் முடிப்பது சிரமம்.

எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பாதிப்பு இருப்பதாக வருகிறது, ஆனால் பரிசோதனையில் பெரிதாக நோய் இல்லை. தாளில் கோளாறா?

இல்லை. இந்த வயதில் பால் பல் ஆடும், விழும், புதுப் பல் முளைக்கும்போது ஈறு வலிக்கும், இதெல்லாமே சாப்பிடும்போது உண்மையான இடைஞ்சல்தான், ஆனால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாத இடைஞ்சல். அதனால்தான் சைல்ட்-ஓ.ஐ.டி.பி.யில் ஒவ்வொரு பாதிப்புக்கும் ‘எதனால்?’ என்று பிள்ளையையே கேட்கும் பகுதி இருக்கிறது. அவசரத்தில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். காரணத்தோடு பார்த்தால்தான் சொத்தையால் அவதிப்படுபவன் யார், பல் வரிசை சரியில்லை என்று வாயைப் பொத்திச் சிரிப்பவள் யார், ஆடும் பல் தானாக விழக் காத்திருப்பவன் யார் என்று பிரிக்க முடியும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பல் மருத்துவர்கள் தேவை என்று கணக்குப் போட்டால் அது தப்பாகத்தான் போகும்.

என் மகள் கூச்ச சுபாவம். அவளுக்குப் பதில் நானே சொல்லலாமா?

எட்டு வயது தாண்டியவள் என்றால் அவளே சொல்லட்டும். வலி, சாப்பாடு போன்று கண்ணுக்குத் தெரிவதைப் பெற்றோர் ஓரளவு சரியாகவே சொல்கிறார்கள், மனசுக்குள் இருப்பதில்தான் இடைவெளி விழுகிறது. ஐந்து வயதுவரையிலான சின்னப் பிள்ளைகளுக்கு ஈ.சி.ஓ.ஹெச்.ஐ.எஸ். என்ற 13 கேள்வித் தாள் இருக்கிறது, அது பெற்றோருக்கென்றே செய்தது. அதில் நான்கு கேள்விகள் குடும்பம் படும் பாட்டைப் பற்றியவை.

ஆய்வு மாணவன் நான். பெரும்பாலோருக்கு பூஜ்யம் வருகிறது, சராசரி மிகக் குறைவு. என்ன எழுதுவது?

சராசரியை மட்டும் எழுதாதீர்கள். பூஜ்யங்கள் குவிந்த இடத்தில் அது கடுமையாக அவதிப்படும் சிலரை மறைத்துவிடும். ஒரு பாதிப்பாவது உள்ளவர்கள் எத்தனை சதவீதம், எந்தக் காரியத்தில், எவ்வளவு கடுமையாக என்று எழுதுங்கள், இடைநிலை மதிப்பையும் (மதிப்பெண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) கொடுங்கள். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி இருபுறமும் சமமாகப் பரவியிருக்கும் (இயல்பான பரவல்) என்று எதிர்பார்க்கும் புள்ளியியல் சோதனைகளைப் பழக்கத்தில் ஓட்டிவிட வேண்டாம்.

கேள்விகளை வகுப்பில் வைத்தே கேட்கலாமா?

நிரப்பும் தாள் என்றால் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி இடம்விட்டு உட்காரவையுங்கள். நேர்காணல் என்றால் தனியாகத்தான். பல்லைச் சொல்லி யாராவது கிண்டல் செய்தார்களா என்று கிண்டல் செய்தவன் எதிரில் எந்தப் பிள்ளையும் சொல்லாது. ராத்திரி வலியில் தூங்க முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆய்வு முடியட்டும் என்று இருக்காமல் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போயாக வேண்டும்.