“உன் நாட்டுக்கே போ” என்ற சொல் தண்டனையைக் கூட்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னைக் கீழே தள்ளிவிட்டு, “உன் நாட்டுக்கே போ” என்று கத்தினார். காயம் ஒன்றுமில்லை. சாதாரணத் தள்ளுமுள்ளு வழக்காகத்தான் முடியுமா?

பதில்: அப்படி முடிய வேண்டியதில்லை. காயமில்லாத சாதாரணத் தாக்குதலுக்கு அங்கே அதிகபட்சம் 6 மாதச் சிறை. அதிலேயே இன வெறுப்போ மத வெறுப்போ கலந்திருந்தால், 1998-ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டப்படி அது தனிக் குற்றம். உச்சவரம்பு 2 ஆண்டு.

அவர் மனத்தில் இருந்ததை எப்படி நிரூபிப்பது என்று தயங்காதீர்கள். வெறுப்புதான் தாக்கத் தூண்டியது என்று காட்டுவது ஒரு வழி. தாக்கியபோதோ, அதையொட்டி முன்போ பின்போ வெறுப்பை வெளிக்காட்டினார் என்று நிறுவுவது இன்னொரு வழி. ஏதாவது ஒன்று போதும். வரிசையில் தகராறு, கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று அவர் சொன்னாலும் இரண்டாவது வழி அடைபடாது.

“நாட்டைத்தான் சொன்னேன், இனத்தைச் சொல்லவில்லையே” என்ற வாதமும் வரும். 2007-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்கு வந்த வழக்கைப் பாருங்கள். மின்சார ஸ்கூட்டரில் நடைபாதையில் சென்ற ஒருவர் மூன்று ஸ்பானியப் பெண்களை அந்நியர்கள் என்று ஏசி, சொந்த நாட்டுக்குப் போகச் சொல்லி, கெபாப் கடை வரை துரத்தினார். இன்ன இனம் என்று பெயர் சொல்லாமல் அந்நியர் என்று ஒதுக்கினாலே சட்டம் பொருந்தும் என்றது தீர்ப்பு. சரியான தீர்ப்பு என்பேன். ஏசுகிறவன் யாரிடமும் பாஸ்போர்ட் கேட்டுவிட்டு ஏசுவதில்லை.

குற்றம் உறுதியானால், தள்ளியதற்கு மட்டும் என்ன தண்டனை என்று முதலில் கணிப்பார்கள். பிறகு வெறுப்பின் அளவுக்கேற்பக் கூட்டுவார்கள். ஆனால் 2 ஆண்டு என்பது உச்சவரம்புதான். முதல் தடவை சிக்கியவருக்குச் சிறையே இல்லாமல் போகலாம்; அந்த ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள்.

வாக்குமூலத்தில் “இனவெறியோடு திட்டினார்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உங்கள் முடிவு. அவர் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே, அதே மொழியில் வேண்டும். தள்ளுவதற்கு முன்பா பின்பா என்பதும் வேண்டும். விட்டுப்போயிருந்தால் விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள். கேமரா பதிவுகள் நெடுநாள் இருப்பதில்லை. எடுத்துவைக்கும்படி இன்றே கேளுங்கள்.