பதில்: தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் கார் நின்றுவிட வேண்டுமா?

தண்ணீர் தேங்கிய இடத்தில் தானாக ஓடும் உங்கள் புராஜெக்ட் காரின் நம்பிக்கை மதிப்பு (தான் கண்டது சரி என்று மென்பொருள் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று காட்டும் எண்) சட்டென்று விழுகிறது, உடனே பிரேக் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பின்னால் வரும் வண்டிக்கு அது பெரிய ஆபத்து. முதலில் வேகத்தைக் குறையுங்கள். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்பங்காகிவிடும். ஈரச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 16 மீட்டர் என்றால் 20க்கு 4 மீட்டர்தான். அப்புறமும் தெளிவில்லை என்றால், இன்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி நிற்கட்டும்.

லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும் லைடாரைத் தனியாகக் கவனியுங்கள். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி, ஒளிக்கற்றையை வேறு பக்கம் திருப்பிவிடும்; திரும்பி வரும் புள்ளிகளே இருக்காது. அந்த வெற்றிடத்தை உங்கள் நிரல் 'காலிச் சாலை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, 'தெரியாது' என்றே குறிக்க வேண்டும். ஆழம் கேமராவுக்கும் தெரியாது.

இன்னொன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2018 மார்ச்சில் அமெரிக்காவில் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது மோதியது; அவர் இறந்துபோனார். 5.6 விநாடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வண்டி, வேறு பொருள், சைக்கிள் என்று அடையாளம் மாறிக்கொண்டே இருந்தது. மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தை மென்பொருள் கணக்கில் எடுக்காமல் விட்டது. அதைப் படித்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் தடத்தை அழிக்காதீர்கள். உங்கள் நிரலில் அடையாளம் மாறும்போது பழைய இடப்பதிவுகள் என்னவாகின்றன என்று இன்றே பாருங்கள்.