கிழிஞ்ச ஸ்கோர்கார்டும் கடல்காத்தும் – கடிதம்

வணக்கம் சார்,

கோல்ஃப் பத்தி நீங்க எப்பவாவது எழுதறத விடாம படிக்கிறவன் நான். நாங்க காலேஜ்ல இருந்தே ஃப்ரெண்ட்ஸ், நாலு பேர். எல்லாரும் நாப்பது தாண்டினதுக்கு அப்புறம் ஆட ஆரம்பிச்சவங்க, ஹேண்டிகேப் (ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி கழிச்சுக்கற ஸ்ட்ரோக்) 19ல இருந்து 28 வரைக்கும் இருக்கும். வருஷா வருஷம் அக்டோபர்ல மூணு நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது ஆடப் போவோம். போன வருஷம்தான் முதல் தடவையா கடலோர லிங்க்ஸ் கோர்ஸ். வழக்கமா 95, 98 ஸ்ட்ரோக்ல முடிக்கிற நான் 118 அடிச்சேன். ஒருத்தன் பதினொண்ணாவது ஹோல்லயே கார்ட கிழிச்சுட்டான். கடைசி நாள் இன்னொருத்தன் கிரீன்ல, அதான் ஹோல சுத்தி ஒட்ட வெட்டின புல்தரைல, பந்த மார்க் பண்ணி எடுத்து தொடச்சு திரும்ப வெச்சான், பட் பண்றதுக்குள்ள (ஹோலுக்கு உருட்டி விடறதுக்குள்ள) காத்து அத உருட்டிட்டு போய் ஹோலுக்கு அரையடி தூரத்துல விட்டுருச்சு. இனிமே இங்கேருந்துதான்னு அவன் சொல்ல, அது செல்லாதுன்னு நான் சொல்ல, கடைசில அவன் ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல ஜெயிச்சான். இந்த வருஷம் வரலைங்கிறான். ரூல்படி யார் சொன்னது சரி? எங்கள மாதிரி ஆளுங்க பேசாம கோடைக்கு மாத்திக்கலாமா? கடல்காத்து கனமா இருக்கறதாலதான் பந்து போகலன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

ரூல முதல்ல முடிச்சுடறேன், இல்லன்னா மீதிய நீங்க படிக்கவே மாட்டீங்க. நீங்க சொன்னதுதான் சரி. 2019 ஜனவரில வந்த ரூல்ஸ்படி, கிரீன்ல ஒரு தடவ எடுத்து திரும்ப வெச்ச பந்து அதுக்கப்புறம் எதனால நகர்ந்தாலும், காத்தே உருட்டினாலும், பழைய எடத்துலயே கொண்டு வந்து வெக்கணும், அதுக்கு பெனால்டி கிடையாது. ஆனா பந்த எடுக்கவே இல்ல, வந்து நின்ன எடத்துல அப்படியே இருந்தப்ப காத்து உருட்டிச்சுன்னா புது எடத்துலேருந்துதான் ஆடணும், உருண்டு ஹோலுக்குள்ளயே விழுந்துட்டா அது உள்ள போனதாவே கணக்கு. அதனால உங்க ஃப்ரெண்டு பொய் சொல்லல, பாதி ரூல மட்டும் ஞாபகம் வெச்சுட்டு இருந்திருக்கார், சண்டை பிடிக்க முழு ரூலவிட பாதி ரூல்தான் வசதி.

இது ஏதோ உங்களுக்கு மட்டும் நடந்த அதிசயம்னு நெனக்காதீங்க. 2015ல ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்ல ஓபன் சாம்பியன்ஷிப் நடந்தப்ப சனிக்கிழமை காத்துல கிரீன்ல பந்தே நிக்கல, பத்து மணி நேரத்துக்கு மேல ஆட்டத்த நிறுத்தி வெச்சாங்க, ஞாயித்துக்கிழமை முடிய வேண்டியது திங்கக்கிழமைதான் முடிஞ்சுது. லிங்க்ஸ்ல கிரீன அவ்வளவு வேகமா வெட்டி வெக்காததுக்கு ஒரு காரணம் இந்தக் காத்துதான், இன்னும் கொஞ்சம் வழவழன்னு ஆக்கிட்டா ஆடவே முடியாது.

இப்ப கனமான கடல்காத்து சமாச்சாரம். கோல்ஃப் ஆடறவங்கள்ல பாதி பேர் இத நம்பறாங்க, நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஈரக்காத்து கனம் கிடையாது, வறண்ட காத்தவிட ஒரு துளி லேசு, ஏன்னா நீராவி மூலக்கூறு நைட்ரஜனவிடவும் ஆக்சிஜனவிடவும் எடை கம்மி. பந்து குறையறதுக்கு காரணம் வேற. குளிர்ந்த காத்து அடர்த்தி ஜாஸ்தி, கடல் மட்டத்துல மலைய விட காத்து அடர்த்தி ஜாஸ்தி, குளிர்ல பந்தும் கொஞ்சம் வெறச்சுப் போகுது, இதெல்லாம் சேர்ந்து கஜங்கள திங்குது. ஆனா உங்க 118க்கு இதெல்லாம் சில்லறைக் காரணம்தான், பெரிய திருடன் எதிர்காத்து. மணிக்கு பத்து மைல் எதிர்காத்துன்னா தோராயமா நூத்துக்கு பத்து பங்கு தூரம் போயிடும்னு ஆடறவங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, அதே காத்து முதுகுல அடிச்சா அந்தப் பத்து திரும்பி வராது, பாதிதான் வரும். போறப்ப எழுதின கடன் வர்றப்ப தீரும்னு நெனச்சு ஆடினா அங்கேயே கணக்கு இடிக்கும். இதுல நாம எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா எதிர்காத்து அடிக்கறப்ப இன்னும் ஓங்கி அடிக்கிறது, ஓங்கி அடிச்சா பந்து இன்னும் வேகமா பின்னோக்கி சுழலும், சுழல் ஜாஸ்தியானா மேல தூக்கும், தூக்கினா காத்து அத புடிச்சு நிறுத்தி கீழ போட்டுடும். ஏழாம் நம்பர் அயர்ன் கிளப்பால அடிக்கிற எடத்துல அஞ்ச எடுத்து (நம்பர் கொறஞ்சா பந்து தாழ்வா, தூரமா போகும்), புடிய கொஞ்சம் கீழ புடிச்சு, பந்த பின்னங்கால் பக்கமா வெச்சு, முக்கால் ஸ்விங்ல சோம்பேறித்தனமா அடிங்க. பாக்கறதுக்கு கேவலமா இருக்கும், தவழ்ந்து போற மாதிரி போகும், ஆனா போகும்.

பேக்ல 14 கிளப்தான் வெக்கலாம்ங்கிறதால உயரமா தூக்கி விடற அந்த 60 டிகிரி வெட்ஜ வீட்ல விட்டுட்டு நீளமா ஒண்ணு சேர்த்துக்கங்க. லிங்க்ஸ் தரை மணல், தண்ணி நிக்காது, அதுல மெல்லிசா வளர்ற ஃபெஸ்க்யூ புல்லு, தரை கெட்டியா இருக்கும், இருபது கஜம் தள்ளி இருந்து பட்டரால (கிரீன்ல உருட்டி விடற கிளப்பால) தட்டி விட்டாலே உருண்டு கிரீனுக்கு ஏறிடும். பட்டர எடுக்கறது மானக்கேடுன்னு முதல் நாள் எல்லாரும் நெனப்பாங்க, ரெண்டாம் நாள் எல்லார் கைலயும் பட்டர்தான் இருக்கும்.

பங்கர், அதான் மணல் குழி, அத பத்தி ஒண்ணே ஒண்ணு. குழி ஆழமா இருந்து முன்னாடி சுவர் மாதிரி நின்னா பக்கவாட்டுல வெளிய வந்துடுங்க, பின்னாடி கூட வாங்க. 1995 ஓபன்ல ஓல்டு கோர்ஸ் பதினாலாவது ஹோல்ல ‘ஹெல்’னு பேர் வெச்ச பங்கர்ல மாட்டி கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸே அந்த ஒரு ஹோலுக்கு 10 அடிச்சார். அவருக்கே அப்படின்னா நமக்கு என்ன வீராப்பு.

கோடைக்கு மாத்தலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். கோடைல நிலம் சூடாகி கடல் குளிர்ந்து இருக்கறதால மத்தியானத்துல கடல்காத்து கெளம்பும், அது அனேகமா ஒரே திசை, ரெண்டு நாள்ல பழகிடும். இலையுதிர் காலத்துல நிலம் சீக்கிரம் ஆறிடும், கடல் மட்டும் கோடையோட சூட்ட கொஞ்ச நாள் கட்டி வெச்சிருக்கும், ரெண்டுக்கும் பகல்ல வித்தியாசம் கொறஞ்சதால அந்த வழக்கமான காத்து சோர்ந்து போய், அதுக்கு பதிலா தூரத்துலேருந்து வர்ற புயல் சின்னங்கள் காத்த ஆள ஆரம்பிக்கும். அதனால நேத்து ட்ரைவரால (ரொம்ப தூரம் அடிக்கிற கிளப்) அடிச்சும் எட்டாத ஹோல இன்னிக்கு எட்டாம் நம்பர் அயர்ன்ல தாண்டிடுவீங்க, ஒரே கோர்ஸ்ல மூணு நாள் ஆடினா மூணு கோர்ஸ் ஆடின மாதிரி. எனக்கு இதுதான் புடிக்கும், வீம்புன்னு வெச்சுக்கங்க. எல்லா கடற்கரையும் அக்டோபர்ல மோசம்னும் கிடையாது, கலிஃபோர்னியால பெபிள் பீச் கோர்ஸ் இருக்கற மான்டரே பக்கம் கோடைலதான் மூடுபனி, செப்டம்பர் அக்டோபர்லதான் அங்க வானம் தெளியும். இன்னொண்ணு சொல்றேன், முதல் ஓபனே 1860 அக்டோபர் 17ஆம் தேதி ஸ்காட்லாந்துல பிரெஸ்ட்விக் கடற்கரைலதான் நடந்துச்சு, மொத்தமே எட்டு பேர், 12 ஹோல் கோர்ஸ ஒரே நாள்ல மூணு சுத்து சுத்தினாங்க, வில்லி பார்க் 174ல ஜெயிச்சார், ஓல்டு டாம் மாரிஸ் 176. உங்க கூட்டம் மாதிரி ரெண்டு கூட்டம்தான் அன்னிக்கு மொத்தப் போட்டியே.

சரி, நான் உண்மைல சொல்ல வந்தது இனிமேதான். உங்க சண்டை ரூலால வந்தது இல்ல, ஸ்ட்ரோக் எண்ணினதால வந்தது. காத்துல ஸ்ட்ரோக் எண்ணிக்கைக்கு ஒரு அர்த்தமும் கிடையாதுங்கிறது என் கட்சி. ஸ்காட்லாந்துல ராயல் ட்ரூன் கோர்ஸ்ல எட்டாவது ஹோல் ‘போஸ்டேஜ் ஸ்டாம்ப்’, 123 கஜம், அவ்வளவுதான். 1950 ஓபன்ல ஹெர்மன் டிசீஸ்னு ஒரு ஜெர்மன் அமெச்சூர் அங்க 15 அடிச்சார். 1973 ஓபன்ல பழைய சாம்பியன் ஜீன் சாரசன், வயசு 71, அதே ஹோல ஒரே அடில போட்டார், மறுநாள் பங்கர்லேருந்து உள்ள அடிச்சு 2, ரெண்டு நாளும் அந்த ஹோல்ல பட்டரையே தொடல. அந்த ஹோல்ல ஒருத்தருக்கு 15, இன்னொருத்தருக்கு 1, நீங்க 118ஐ மனசுல வெச்சுகிட்டு ஒரு வருஷம் பொழுத ஓட்டியிருக்கீங்க.

இதுக்கு மருந்து கண்டுபுடிச்சதும் ஒரு டாக்டர்தான், ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட். அவர் ஆடின வாலசி இங்கிலாந்துல கடலோர லிங்க்ஸ், அங்க முதல் சில ஹோல்லயே காத்து ஆள கவுத்து மீதி ரவுண்டே வீணாகிடுதுன்னு பாத்துட்டு, ஸ்ட்ரோக்குக்கு பதிலா ஒவ்வொரு ஹோலுக்கும் பாயிண்ட் குடுக்கற முறைய கொண்டு வந்தார், 1932 மே மாசம் அங்க முதல் போட்டி. உங்க ஹேண்டிகேப் கழிச்சு பார் (அந்த ஹோலுக்குன்னு வெச்ச ஸ்ட்ரோக்) அடிச்சா 2 பாயிண்ட், போகி (பாரவிட ஒண்ணு ஜாஸ்தி) 1, பேர்டி (ஒண்ணு கம்மி) 3, அதுக்கு மேல இன்னும் ஒண்ணு, டபுள் போகியோ அத தாண்டியோ போச்சுன்னா பூஜ்யம், பந்த எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு நடந்துடலாம். ஒரு ஹோல்ல எவ்வளவு கேவலமா ஆடினாலும் நஷ்டம் அந்த ஹோலோட போச்சு. பதினொண்ணாவது ஹோல்ல கார்ட கிழிச்சார்னு எழுதினீங்களே, அவர் பாயிண்ட் எண்ணியிருந்தா பன்னெண்டாவது ஹோல ஒழுங்கா ஆடியிருப்பார். 36 பாயிண்ட்னா தன் ஹேண்டிகேப்புக்கு ஆடினதா கணக்கு, காத்து அடிக்கிற நாள்ல 26, 27 வந்தாலே அன்னிக்கு நல்ல ஆட்டம்தான்.

ரெண்டு நாள் ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடுங்க, மூணாவது நாள் ஃபோர்சம். ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு ஜோடிக்கு ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கறது, ஒருத்தர் ஒத்தப்படை ஹோல்ல டீ (முதல் அடி) அடிச்சா இன்னொருத்தர் ரெட்டப்படைல. சீக்கிரம் முடியும், அதவிட முக்கியமா நீங்க ரஃப்ல (ஓரத்து நீளப் புல்லுல) தள்ளின பந்த உங்க ஃப்ரெண்டுதான் போய் அடிக்கணும், அவர் தள்ளினத நீங்க. அங்க சாரி சொல்ல கூடாதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கங்க, சொல்ல ஆரம்பிச்சா பதினெட்டு ஹோலும் சாரிலயே போயிடும்.

டீ டைம், அதான் ஆட்டம் ஆரம்பிக்க புக் பண்ற நேரம், அந்த விஷயத்துல நான் பட்டத சொல்லிடறேன். ஒரு அக்டோபர் கடைசில நாங்க நாலு பேர், மத்தியானம் 12:40க்கு புக் பண்ணினோம், ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், நாலரை மணி நேரத்துல முடிச்சுடலாம்னு தெனாவெட்டு. அந்த ஞாயித்துக்கிழமை விடியக்காலைலதான் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சிருக்காங்க, போன்ல தானா மாறினதால எவனும் கவனிக்கல. பதிமூணாவது ஹோல்ல கடல் சாம்பலாச்சு, பதினாலுல கொடி தெரியல, ஒருத்தன் அடிச்ச பந்து எங்க போச்சுன்னு கேட்டா “சத்தம் நல்லாதான் இருந்துச்சு”ங்கிறான். மூணு நிமிஷம்தான் தேடலாம்னு ரூல், முப்பது நிமிஷம் தேடினாலும் கெடச்சிருக்காது. மீதி நாலு ஹோல போன் டார்ச்ச வெச்சுகிட்டு நடந்தே வந்தோம். அப்ப ஒரு பாயிண்ட் பின்னாடி இருந்தவன் இன்னும் மேட்ச் முடியலன்னுதான் சொல்லிட்டு இருக்கான், ஏழு வருஷமா அந்த மேட்ச் பாக்கி. ஸ்காட்லாந்து மாதிரி வடக்க தள்ளி இருக்கற எடங்கள்ல இந்த மாசங்கள்ல வாரத்துக்கு அரை மணி நேரம் பகல் கொறஞ்சுட்டே போகும், அதனால காலைல பத்து மணிக்குள்ள டீ அடிச்சுடுங்க, புக் பண்றப்ப அன்னிக்கு சூரியன் மறையற நேரத்தையும் பாத்துக்கங்க. இன்னொரு விஷயம், ஓல்டு கோர்ஸ்ல ஞாயித்துக்கிழமை வழக்கமா ஆட்டம் கிடையாது, நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் ஃபேர்வேல (நடுவுல வெட்டி வெச்ச புல்தரைல) சின்ன மேட் மேல பந்த வெச்சுதான் அடிக்கணும், லீவு போடறதுக்கு முன்னாடி நாளப் பாத்துக்கங்க.

குடை எடுத்துட்டு போகாதீங்க, காத்துல அது உங்கள இழுத்துட்டு போகும். மழைக்குன்னே விக்கிற கையுறை ஒரு ஜோடி வாங்குங்க, நனைய நனைய அது நல்லா புடிக்கும். ரெண்டு துண்டு வேணும், ஒண்ணு பேக்குக்குள்ள காஞ்சே இருக்கணும். அயர்லாந்துல லஹின்ச் கோர்ஸ்ல பழைய பாரோமீட்டர்ல ‘ஆடுகளைப் பாக்கவும்’னு எழுதி மாட்டி வெச்சிருப்பாங்க, ஆடு கிளப்ஹவுஸ் பக்கம் ஒதுங்கினா மழைன்னு அர்த்தமாம். உங்க கோர்ஸ்ல ஆடு இல்லன்னா காலைல ஆறு மணிக்கு ஒருத்தர் எழுந்து வானிலை பாக்கட்டும், அந்த வேலைய கார்ட் கிழிச்சவருக்கு குடுங்க.

வரலைங்கிறவருக்கு போன் பண்ணுங்க. ரூல பத்தி நான் மேல எழுதினத இப்ப அனுப்பாதீங்க, ஃபோர்சம்ல அவர் உங்க ஜோடின்னு மட்டும் சொல்லுங்க. அவரும் இத படிக்கிறவர்னா ஏற்கனவே படிச்சிருப்பார், அப்ப அவருக்கே நேரா சொல்லிடறேன், சார், பந்த எடுக்காம இருந்திருந்தா நீங்கதான் சரி, அடுத்த தடவ காத்து அடிக்கறப்ப தொடைக்காதீங்க.