உயர்நிலை உறுப்பினர் சலுகையைப் பெற்றோருடன் பகிர முடியுமா?

மதுரையிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் செல்லும் பெற்றோருக்கு உங்களுடைய ஒன்வேர்ல்டு (விமான நிறுவனங்களின் கூட்டணி) சபையர் நிலை உறுப்பினர் அட்டை உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டை உங்கள் பெயருக்கானது. நீங்கள் உடன் செல்லாவிட்டால் அதன் சலுகைகள் அவர்களுக்குச் சேரா. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் அக்கூட்டணியில் இருப்பதால், மூவரும் சேர்ந்து பயணம் செய்தால் கொழும்பு விமான நிலையத்தின் சிறப்பு ஓய்வறைக்கு (லவுஞ்ச்) உங்களுடன் ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஒருவர் மட்டுமே என்பதால், அப்பாவா அம்மாவா என்ற சங்கடத்தை வீட்டிலேயே பேசித் தீர்த்துவிடுவது நல்லது. கூடுதல் எடைச் சலுகையும் உங்கள் பெட்டிக்கே உரியது. ஆகவே அம்மா கட்டி எடுத்துவரும் மாவடுவும் வற்றல் பொட்டலங்களும் மதுரை விமான நிலையத் தராசில் உங்கள் பெயரிலேயே ஏறட்டும். பகிரக்கூடியவை மைல்கள்தாம், அதாவது பறப்பதற்காக உங்கள் கணக்கில் சேரும் புள்ளிகள்: விமான நிறுவனங்களின் பெரும்பாலான உறுப்பினர் திட்டங்களில், சேர்ந்த மைல்களைக் கொண்டு அவர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அந்தச் சீட்டு அவர்களைச் சபையர் உறுப்பினராக்காது.