விவசாயி மகனான மாவோ எப்படிச் சீனாவைப் பிடித்தார்? அவர் ஆட்சி எப்படி இருந்தது?

நகரத்தை விட்டுக் கிராமத்தைப் பிடித்ததால்தான். 1921-ல் ஷாங்காயில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது மாவோ பெரிய ஆள் இல்லை. 1927-ல் தேசியவாதக் கட்சித் தலைவர் சியாங் கை ஷேக் அங்கே கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய பிறகு, மிஞ்சிய படையோடு ஜிங்காங் மலைக்குப் போனார். பண்ணையார் நிலத்தைப் பிடுங்கிப் பங்கு போட்டார். குடியானவர்கள் பின்னால் வந்தார்கள். சியாங்கின் படை முற்றுகையிலிருந்து தப்ப 1934-ல் தொடங்கிய நெடும்பயணத்தில் கிளம்பிய 80,000-க்கும் மேற்பட்டோரில் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் வழியில், 1935 ஜனவரியில் சுன்யி ஊரில் நடந்த கட்சித் தலைமைக் கூட்டத்தில், மாவோவின் கை ஓங்கிவிட்டது. அப்புறம் ஜப்பான் படையெடுப்பு சியாங்கை உருக்குலைக்க, 1949 அக்டோபர் 1-ல் மக்கள் குடியரசு.

சரி, ஆட்சி? சண்டை போடத் தெரிந்த அளவுக்கு ஆளத் தெரியவில்லை என்பேன். 1958-ல் தொழிலையும் விவசாயத்தையும் ஒரேயடியாகப் பெருக்கும் 'மாபெரும் பாய்ச்சல்' என்று வீட்டுச் சட்டி பானைகளைக்கூடக் கொல்லைப்புற உலையில் உருக்கினார்கள். கிடைத்தது பெரும்பாலும் உதவாத இரும்பு. தானியம் தின்கிறதென்று சிட்டுக்குருவிகளை, உட்கார விடாமல் தகரம் தட்டி விரட்டியே கொன்றார்கள். பூச்சி பெருகியது. அதிகாரிகள் விளைச்சலை ஊதிச் சொல்ல, அந்தப் பொய்க் கணக்குப்படி அரசு தானியத்தை அள்ளிப் போனது. பஞ்சத்தில் செத்தவர்கள் கோடிக்கணக்கில். மங்கிய செல்வாக்கை மீட்கவே 1966-ல், பழமையையும் கட்சிக்குள் இருந்த எதிரிகளையும் ஒழிப்பதென்று இளைஞர்களைத் தூண்டிவிட்டுக் கலாசாரப் புரட்சியைக் கிளப்பினார். அதில் நாட்டின் அதிபராக இருந்த லியு ஷாவோசியே சிறைக்காவலில் இறந்தார். மாவோ 1976-ல் சாகும்வரை கட்சித் தலைவர் பதவியில் இருந்தார்.