ஓட்டப்பந்தய மீட்டுக்கு (போட்டிக்கு) முந்தின நாள் மட்டும் என் 15 வயது மகளுக்குக் கால்வலி வருகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. நடிக்கிறாளா?

நடிக்கலாம். நானும் நடித்தவன்தான்.

பதினொன்றாம் வகுப்பில் 800 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வானதிலிருந்து தூக்கம் போயிற்று. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஐந்து மணி அலாரம் அடிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு படுத்திருப்பேன். மீட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஸ்டேடியம் பாத்ரூமில் உட்கார்ந்து நன்றாக இருந்த வலது தொடையில் கிரேப் பேண்டேஜைச் சுற்றினேன். நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. கோச் சார் ஸ்ப்ரே அடித்துவிட்டார், அப்பா ஆட்டோ பிடித்தார். பயமா இருக்கு சார் என்று சொல்லியிருந்தால் இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓடவிட்டிருப்பார்.

அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார், தேதியும் டைமிங்கும் மட்டும். கேட்டைத் திறக்கும்போதே "இன்னிக்கு எவ்வளவுடா?" 2:04 என்றால் சிரிப்பு. 2:09 என்றால் அன்று இரவு வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். கெட்டவர் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அப்புறம் ரயில்வே வேலை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கும் உங்கள் மகளின் வயதுதான். ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவே ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இறங்கினாள். முதல் சுற்றில் முதலிடம். இறுதிச் சுற்றில் தடுமாறி விழுந்து நாலாவது இடம். அழுதுகொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து ஏன் விட்டுவிட்டாய் என்றுதான் கோச் கேட்டார். டிவியில் உலகமே பார்த்தது. அதே வருடம் ஜூனில், சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-க்குக் கொண்டுபோக சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முடிவெடுத்தது. நல்ல விஷயம். ஆனால் எங்கள் வீட்டுக் கேட்டில் கேட்ட கேள்விக்கு எந்தச் சங்கம் விதி போடும்?

நடிப்பா இல்லையா என்று கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஒரு மாதம் டைமிங்கே கேட்காதீர்கள், அவளாகச் சொன்னால் சரி. தட்டைக் கவனியுங்கள். எடை குறைந்தால் வேகம் வரும் என்று பெண்பிள்ளைகளிடம் சொல்ல மைதானத்துக்கு ஒருவர் இருப்பார். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பில் விரிசல் விழும், எரிச்சலும் அழுகையும் கூடும். பீரியட்ஸ் நின்றிருந்தால் டாக்டரிடம் போங்கள், "ஸ்போர்ட்ஸ்ல இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துடலாம்போல இருக்கு என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே. ராத்திரியானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அந்த மாநிலப் போட்டிக்கு நான் போகவில்லை. அப்பா நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக 'காயம்' என்று இருக்கிறது. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.