ஷிஃப்ட் கிட் போட்டால் வழுக்கும் கியர் பிடிக்குமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் சேர்ஃப், டீசல், ஓட்டோ கியர். கண்டிக்குப் போகும்போது மகியங்கனை பதினெட்டு வளைவில், இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுப்பதில்லை. ஷிஃப்ட் கிட் போட்டால் சரிவரும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், கல்முனை

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஏன் வழுக்குகிறது என்று பாருங்கள்.

ஓட்டோ கியர்பொக்ஸில் ஒயில் அழுத்தம்தான் கிளச் தகடுகளை நெருக்கிப் பிடிக்கிறது. குலுக்கம் தெரியக்கூடாது என்பதற்காகக் கம்பனி அந்தப் பிடியைக் கொஞ்சம் ஆறுதலாக விழும்படி அமைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் தகடுகள் உராய்ந்து சூடேறுகின்றன. ஷிஃப்ட் கிட், அதாவது உள்ளே மாற்றிப் போடும் ஸ்பிரிங், வால்வுத் தொகுதி, அந்த நேரத்தைக் குறைக்கிறது. நல்ல நிலையில் உள்ள கியர்பொக்ஸ் அதனால் சூடு குறைந்து நீண்ட காலம் உழைக்கும். தேய்ந்துபோன தகட்டுக்கு அது புது உயிர் கொடுக்காது. சில மாதம் ஓடும், பிறகு முழுவதும் கழற்ற வேண்டிவரும், கிட்டுக்குக் கொடுத்த காசும் வீண்.

ஹைலக்ஸ் சேர்ஃபில் வரும் ஏ340, ஏ343 வகைக் கியர்பொக்ஸ்களில் மூன்றாம் கியரைப் பிடிப்பது சி2 என்ற கிளச். ரிவர்ஸுக்கும் அதே கிளச்தான். ஆகவே ஒரு மேட்டில் பின்பக்கமாக ஏறிப் பாருங்கள். ரிவர்ஸிலும் வழுக்கினால் சி2 தேய்ந்திருக்கிறது அல்லது அதன் சீல் கசிகிறது. இரண்டுக்கும் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். ரிவர்ஸ் திடமாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கோளாறு, ஒயிலை வழிப்படுத்தும் வால்வ் பொடியிலோ அழுத்தத்திலோ இருக்கலாம்.

பிறகு ஒயிலைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் கறுத்து, கருகிய மணம் வந்தால் கிட் பேச்சையே விடுங்கள். ஒயில் சிவப்பாக, சுத்தமாக இருந்தால் ஹான்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, சூடான எஞ்சின் ஐடிலில் நிற்க, என்-இலிருந்து டி-க்குப் போடுங்கள். கியர் விழும் அதிர்வு தெரிய 1.2 செக்கனுக்கு மேல் ஆகக்கூடாது. என்-இலிருந்து ஆர்-க்கு 1.5 செக்கன். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். இரண்டும் நீண்டால் அழுத்தம் குறைவு என்று பொருள்.

அழுத்தத்தைத் தீர்மானிக்கும் த்ரொட்டில் கேபிள் உங்கள் வண்டியில் இருந்தால் அதையும் பாருங்கள். பெடலை முழுவதும் மிதித்த நிலையில், கேபிளில் உள்ள சிறு நிறுத்தத்துக்கும் ரப்பர் உறையின் முனைக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, ஏற்றத்தில் நீங்கள் சொல்வதுபோலவே வழுக்கும். ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை இது. கிட் வாங்கப் போகுமுன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

எந்தக் கிட் வாங்குவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே மாதிரி வண்டிக்கு மூன்று விதம் காட்டுகிறார்கள்.
– வாசகர், சம்மாந்துறை

வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். கியர்பொக்ஸின் பெயரைச் சொல்லி வாங்குங்கள். டொயோட்டாவில் எஞ்சின் அறையிலோ கதவுச் சட்டத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் 'ட்ரான்ஸ்/ஆக்ஸில்' என்ற வரி இருக்கும். அதில் முதலில் வருவதுதான் பெட்டியின் இலக்கம், ஏ340, ஏ343 என்பதுபோல. ஆனால் நம்மூரில் ஓடும் பல வண்டிகளுக்குப் பாவித்த பெட்டி மாற்றிப் பூட்டியிருப்பார்கள். பழைய உரிமையாளரிடம் கேளுங்கள், முடியாவிட்டால் பெட்டியில் உள்ள தகட்டையே பாருங்கள்.

'ஷிஃப்ட் கிட்' என்பது அமெரிக்காவின் ட்ரான்ஸ்கோ கம்பனியின் பதிவுபெற்ற வணிகப் பெயர். இன்று எல்லாக் கம்பனிப் பொருளையும் அப்படித்தான் சொல்கிறோம். உள்ளே இருப்பவை அழுத்தம் கட்டும் வால்வுக்கான ஸ்பிரிங், அக்கியூமுலேட்டர் (கியர் விழும் இடியைத் தாங்கும் பிஸ்டன்) ஸ்பிரிங்குகள், சில வால்வுகள், சிறு குண்டுகள், சிலவற்றில் ஓட்டை மாறிய நடுத்தகடு. மென்மையானது, கடுமையானது என்று இரு நிலை தரும் கிட்டும் உண்டு. குடும்ப வண்டிக்கும், கொழும்புக்கு ஆள் ஏற்றும் வானுக்கும் மென்மையான நிலை போதும். நெல் மூட்டை, மீன் பெட்டி ஏற்றி ஓடுவதென்றால் ஒரு படி கூட்டலாம். பந்தய வண்டிக்கானதைத் தொடவே வேண்டாம், நாளாந்தம் ஓடும் வண்டியின் ஜொயின்டையும் மவுன்டையும் அது உடைக்கும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் உறை பிரித்த கிட் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அறிவுறுத்தல் தாள் இல்லாத கிட், ஒரு பை ஸ்பிரிங் மட்டும்தான். எந்த ஸ்பிரிங் எங்கே, எந்தக் குண்டை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

கராஜ் வைத்திருக்கிறேன். பெட்டியை இறக்காமல், ஏ340 வகைக்குக் கிட் பூட்டும் முறையைச் சொல்லுங்கள்.
– வாசகர், மட்டக்களப்பு

பெட்டியை இறக்கத் தேவையில்லை, வால்வ் பொடி கீழிருந்து வரும். சுத்தம்தான் பாதி வேலை. கடற்கரைப் பக்கக் கராஜ்களில் சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும், ஆகவே காலையில் காற்று எழுமுன், மூடிய இடத்தில் செய்யுங்கள். துடைக்கக் கொட்டன் வேஸ்ட் ஆகாது. ஒரு நூல் போதும் வால்வை இறுக்க.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, பற்றரி இணைப்பைக் கழற்றி, அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவிடுங்கள். ஒயில் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்து, அளவுப் போத்தலில் அளந்து எழுதி வையுங்கள். ஒயில் பானைக் கழற்றியதும் காந்தத்தைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூள் பெயரிங், பல், தகடு தேய்வதைச் சொல்லும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் புஷ் தேய்வது. விரலுக்கிடையில் தேய்த்தால் மசியும் மெல்லிய சாம்பல் பசை வழமையானது. துண்டு துண்டாக வந்தால் அங்கேயே நிறுத்தி வண்டிக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

அடுத்து சல்லடையையும் சொலினொயிட் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வயர்களையும் கழற்றுங்கள். வயர்களில் நிறத் தேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒயில் குழாய்களை இரு முனையிலும் மாறி மாறி மெதுவாக நெம்புங்கள், வளைந்தால் திரும்ப உட்காராது. த்ரொட்டில் கேபிளைக் கேமிலிருந்து விடுவித்து, பொல்ட்களை மாறி மாறித் தளர்த்துங்கள். பொல்ட்களின் நீளம் ஒன்றல்ல. ஒரு மட்டையில் வால்வ் பொடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு பொல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைப்பது நல்ல வழி.

வால்வ் பொடி இறங்கும்போது மேலிருந்து ஒரு சிறு குண்டுப் பகுதியும் அதன் ஸ்பிரிங்கும் விழும். அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். அக்கியூமுலேட்டர் பிஸ்டன்கள் உறைக்குள்ளேயே தங்கும். துணியால் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஒயில் துளையில் குறைந்த காற்று விட்டால் வெளியே வரும். முழுக் காற்று விட்டால் பிஸ்டன் பறந்து கையைக் கிழிக்கும். இந்தப் பிஸ்டன்களில் பி2 ஒன்றிலிருந்து இரண்டுக்கும், சி2 இரண்டிலிருந்து மூன்றுக்கும், பி0 மூன்றிலிருந்து நான்குக்கும் மாறுவதை மென்மையாக்குபவை. ஸ்பிரிங் இடம் மாறினால் மாறும் விதமும் தலைகீழாகும். முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்துப் பெயர் எழுதுங்கள்.

வால்வ் பொடியைப் பிரிக்கும்போது நடுத்தகட்டை ஒரு பாதியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், இல்லாவிட்டால் குண்டுகள் உருண்டோடும். எதையும் தொடுமுன் தொலைபேசியில் படம் எடுங்கள். கழுவிய வால்வைத் துளையில் வைத்துச் சாய்த்தால் அது தன் பாரத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். தட்டி இறக்க வேண்டியிருந்தால் அது வண்டியிலும் இறுகும்.

துளை பெருப்பிக்கச் சொல்லியிருந்தால் தாளில் உள்ள டிரில் அளவை ஒரு நூல்கூடத் தாண்டாதீர்கள். 2 மில்லிமீற்றர் துளையை 2.5 ஆக்கினால் அரை மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். பரப்பளவோ 56 சதவீதம் கூடிவிடும். பிசிறை நீக்கி, தகட்டைக் கண்ணாடியில் வைத்து அது மட்டமாகப் படிகிறதா பாருங்கள். மேல் கஸ்கெட்டும் கீழ் கஸ்கெட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேறு வேறு. பழையதன் மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிடுங்கள்.

குண்டும் ஸ்பிரிங்கும் விழாமல் ஒட்டி வைக்க வாஸ்லின் பூசுங்கள். கிறீஸ் கூடாது, அது ஒயிலில் கரையாமல் சல்லடையில் தங்கும். பழைய சொலினொயிட்களை இப்போதே மீற்றரில் அளந்தால் நல்லது. ஷிஃப்ட் சொலினொயிட் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும்.

பூட்டும்போது கை லீவரின் ஊசி மெனுவல் வால்வின் பள்ளத்துக்குள் விழுந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். வால்வ் பொடி பொல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர், அதாவது பொல்ட்டிலிருந்து 10 சென்றிமீற்றர் தள்ளி 10 கிலோ பாரம் தொங்குமளவு பலம். பான் பொல்ட்டுக்கு இன்னும் குறைவு, சுமார் 7.4. உறை அலுமினியம், கைப்பலத்தில் இறுக்கினால் மரை கழன்றுவிடும்.

வடித்த அளவு டெக்ஸ்ரன் ஒயிலை ஊற்றி, எஞ்சினை ஐடிலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-இலிருந்து எல் வரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தித் திரும்பி வாருங்கள். ஒயில் 70–80 பாகை செல்சியஸ் சூடானபின் டிப்ஸ்டிக்கின் சூட்டுக் கோட்டைப் பாருங்கள். கூட ஊற்றினாலும் நுரைத்து வழுக்கும்.

கிட் பூட்டியபின் டி-யில் வண்டி நகரவே சிரமப்படுகிறது, எல்-இல் போட்டால் இழுக்கிறது. ஏன்?
– வாசகர், அக்கரைப்பற்று

சொலினொயிட்களுக்கு மின் போகவில்லை. அப்போது இந்தப் பெட்டி டி-யில் நான்காம் கியரிலும், 2-இல் மூன்றிலும், எல்-இல் முதலாம் கியரிலும் நிற்கும். நான்காம் கியரில் புறப்பட முயல்வதால்தான் இந்தச் சிரமம். மாட்டாமல் விட்ட வயர், வெளியே உள்ள சொக்கெட், இவற்றைப் பாருங்கள். கிட்டில் பிழை இல்லை.

எல்லா மாற்றமும் இடித்தால் கேபிள் கூடுதலாக இழுபட்டிருக்கும் அல்லது அழுத்த ஸ்பிரிங் கடுமையானது. ஒரு மாற்றம் மட்டும் இடித்தால் அதற்குரிய அக்கியூமுலேட்டரையும் குண்டையும் தேடுங்கள். எந்தக் கியருமே விழாவிட்டால் மெனுவல் வால்வின் ஊசி பள்ளத்தில் இல்லை.

அக்வா ஹைபிரிட்டுக்குக் கிட் உண்டா?
– வாசகி, ஏறாவூர்

இல்லை. அதில் மாறுவதற்குப் படிக் கியரே கிடையாது. சிவிடி (படியில்லாமல் மாறும் கியர்) உள்ள கார்களுக்கும் இதே பதில்தான். யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள்.

மாரி வெள்ளத்தில் வான் அச்சளவு தண்ணீரில் ஓடியது. பிறகு கியர் ஒயில் இளஞ்சிவப்புப் பால்போல இருக்கிறது.
– வாசகர், வவுணதீவு

இனி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிறீதர் (காற்றுப் போக்கி) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிளச் தகட்டில் ஒட்டியிருப்பது காகிதம்போன்ற நார், தண்ணீர் அதன் பசையை விடுவிக்கும். உடனே வடித்து, பானும் சல்லடையும் கழுவி, புது ஒயில் ஊற்றிச் சிறிது ஓடவிட்டு மீண்டும் வடியுங்கள். பால் நிறம் முற்றாகப் போகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ரேடியேற்றருக்குப் போகும் ஒயில் குழாயையும் கழற்றிப் பாருங்கள், ரேடியேற்றர் உள்ளே ஓட்டையானாலும் இதே பால் நிறம்தான் வரும். எல்லாம் சரியானபின் பிறீதரில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடுங்கள்.